துண்டு போட்ட சீட்டும் காலி அலைவரிசையும்

பஸ் கிளம்பும் முன்னே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கும் கலை தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. துண்டு சீட்டில் சொகுசாக உட்கார்ந்திருக்கும். துண்டுக்குச் சொந்தக்காரர் கீழே டீ குடித்துக்கொண்டிருப்பார். கைக்குழந்தையோடு ஏறிய பெண்மணி அந்தத் துண்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பார். சீட்டு காலிதான். ஆனால் காலி இல்லை.

ரேடியோ அலைகளின் உலகத்தில் இந்தத் துண்டுக்கு லைசென்ஸ் என்று பெயர்.

'அலைக்கற்றை' என்ற சொல்லே தமிழ்ப் பத்திரிகை வாசகர்களுக்கு 2ஜி விவகாரத்தால்தான் பழக்கமானது. 2010ல் சி.ஏ.ஜி. அறிக்கை 1.76 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்று ஒரு கணக்கு சொன்னது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுதலை செய்தது. இத்தனை வருடமும் டீக்கடையிலிருந்து டெல்லி வரை பேசப்பட்டது ஒரே கேள்விதான்: "என்ன விலைக்குக் கொடுத்தார்கள்?" கொடுத்த அலைக்கற்றை எந்நேரமும் வேலை செய்கிறதா என்ற இரண்டாவது கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடிப் பிறந்ததுதான் காக்னிட்டிவ் ரேடியோ. பெயரைப் பார்த்து எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் சமாச்சாரம் என்று ஓடிவிட வேண்டாம். இதில் பாதி காமர்ஸ் :-)

பதுக்க முடியாத சரக்கு

அரிசியை மூட்டை கட்டி வைக்கலாம். தங்கத்தை லாக்கரில் வைக்கலாம். அலைவரிசையை அப்படி வைக்க முடியாது. இந்த நொடி ஒரு அலைவரிசை சும்மா இருந்தால், அந்த நொடி போனது போனதுதான். ஓட்டலில் நேற்று ராத்திரி காலியாகக் கிடந்த அறையை இன்று விற்க முடியாதல்லவா, அதே கதை.

இன்னொரு விசேஷமும் உண்டு. எவ்வளவு பயன்படுத்தினாலும் இது தேய்வதில்லை. தேய்மானம் எழுத வேண்டாம், ஸ்டாக் எடுக்க வேண்டாம். ஆனால் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் கத்தினால் இரண்டு பேருடைய பேச்சும் கெட்டுப்போகும். இதற்குக் குறுக்கீடு என்று பெயர். ஆக, அலைவரிசையின் உண்மையான செலவு குறுக்கீடு மட்டும்தான். யாருக்கும் குறுக்கீடு இல்லாத இடத்தில் அதைச் சும்மா போட்டு வைப்பதில் யாருக்கும் ஒரு பைசா லாபம் கிடையாது.

இது புரிய உலகத்துக்கு ரொம்ப நாள் ஆனது. அமெரிக்கக் கதையை எடுத்துக்கொண்டால் தெளிவாக இருக்கும். அங்கே 1912ல், டைட்டானிக் மூழ்கிய அதே வருடம், ரேடியோவுக்கு லைசென்ஸ் சட்டம் வந்தது. லைசென்ஸ் கொடுக்கும் வேலை வணிகத் துறைக்கு. 1920களில் அந்தத் துறையின் அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் ஜனாதிபதி ஆனவர். 1926ல் ஜெனித் நிறுவனத்தின் வழக்கில் நீதிமன்றம், 'இந்த அலைவரிசையில்தான் ஒலிபரப்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்த அமைச்சருக்கு அதிகாரமில்லை' என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான், புதுப்புது நிலையங்கள் முளைத்தன, இருந்தவையும் இஷ்டத்துக்கு அலைவரிசை மாறின, கேட்பவர் காதில் விழுந்தது வெறும் கரகரப்பு. அந்தக் குழப்பத்திலிருந்து 1927ல் புதிய ரேடியோ சட்டமும், 1934ல் எஃப்.சி.சி. என்ற ஆணையமும் வந்தன. அரசாங்கம் பார்த்து யாருக்குத் தகுதி என்று முடிவு செய்து இலவசமாகக் கொடுக்கும் முறை நிலைபெற்றது.

1951ல் லியோ ஹெர்செல் என்ற சிகாகோ சட்ட மாணவர் 'இதை ஏலம் விட்டால் என்ன?' என்று ஒரு கட்டுரை எழுதினார். மாணவர் எழுதியதுதானே என்று பெரியவர்கள் சிரித்தார்கள். 1959ல் ரொனால்டு கோஸ் என்ற பொருளாதார நிபுணர் அதே யோசனையை விரிவாக எழுதி, எஃப்.சி.சி. முன்னால் போய்ச் சாட்சியமும் சொன்னார். 'இதெல்லாம் விளையாட்டுக்கா?' என்கிற தொனியில் ஒரு கமிஷனர் அவரைக் கேட்டாராம். அமெரிக்காவின் முதல் அலைக்கற்றை ஏலம் நடந்தது 1994ல். கோஸுக்கு அதற்குள் நோபல் பரிசே (1991) கிடைத்திருந்தது.

ஏலம் வந்ததால் ஒரு நன்மை: யாருக்கு உண்மையில் வேண்டுமோ அவரிடம் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஏலமும் துண்டுதான். விலை கொடுத்து வாங்கிய துண்டு. வாங்கியவர் ஊருக்குள் மட்டும் டவர் போட்டு, காட்டுப்பக்கம் போடாமல் விட்டால், அந்தக் காட்டுப்பக்கத்து அலைவரிசை பத்து பதினைந்து வருடத்துக்குப் பூட்டுதான்.

சில சமயம் ஏலமே பூட்டாகிவிடும். இந்தியாவில் 2016 அக்டோபர் ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கு வைத்த அடிப்படை விலை ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய். ஒருவர்கூடக் கேட்கவில்லை. 2021ல் விலையை 6,568 கோடியாகக் குறைத்தார்கள். அப்போதும் யாரும் கேட்கவில்லை. 2022ல் 3,927 கோடிக்கு இறக்கியபின் ஜியோ வாங்கியது. சுவர்களைத் தாண்டி, தூரமும் போகக்கூடிய அருமையான அலைவரிசை. கிட்டத்தட்ட ஆறு வருடம் விலைச்சீட்டோடு அலமாரியிலேயே இருந்தது. அந்த ஆறு வருடத்தை எந்த லெட்ஜரிலும் நஷ்டம் என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

பார்த்து உட்காரும் ரேடியோ

2002 நவம்பரில் எஃப்.சி.சி. அமைத்த ஒரு குழு அறிக்கை கொடுத்தது. அதன் சாரம்: பல இடங்களில் அலைவரிசைப் பஞ்சம் என்பது உண்மையான பஞ்சம் அல்ல, நுழைய அனுமதி இல்லாத பஞ்சம். கிடங்கு நிறைய நெல் இருக்கிறது, கதவில் பூட்டு இருக்கிறது.

இந்தப் பூட்டுக்குச் சாவி ஒன்று ஏற்கெனவே காகிதத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. ஜோசப் மிட்டோலா, ஜெரால்டு மேக்வயர் இருவரும் 1999ல் எழுதிய கட்டுரையில் 'காக்னிட்டிவ் ரேடியோ' என்ற பெயர் வந்தது. 2000ல் மிட்டோலா ஸ்டாக்ஹோமின் கே.டி.ஹெச். பல்கலைக்கழகத்தில் இதையே முனைவர் பட்ட ஆய்வாகக் கொடுத்தார். சாதாரண ரேடியோவுக்குக் கண் கிடையாது. எந்த அலைவரிசையில் பேசு என்று சொன்னார்களோ அதில் பேசும். காக்னிட்டிவ் ரேடியோ சுற்றுமுற்றும் பார்க்கும், யோசிக்கும், முடிவெடுக்கும், பிறகு பேசும், நடந்ததிலிருந்து கற்றும் கொள்ளும்.

பஸ்ஸிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 'மகளிர்' என்று எழுதிய சீட்டு. காலியாக இருந்தால் ஆண்கள் உட்காருவார்கள். பெண்கள் ஏறியதும் எழுந்துவிட வேண்டும். உரிமை உள்ளவருக்கு அலைக்கற்றை மொழியில் முதன்மைப் பயனர் என்று பெயர். காலியாக இருக்கும்போது உட்கார்ந்துகொள்பவர் இரண்டாம் நிலைப் பயனர். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: முதன்மைப் பயனருக்கு இப்படி ஒருவர் உட்கார்ந்திருந்ததே தெரியக்கூடாது.

பகிர்ந்துகொள்ளும் வழிகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

முதல் வழி, காலியாக இருக்கும்போது மட்டும் உட்காருவது. மேலே சொன்ன மகளிர் சீட்டு.

இரண்டாவது வழி, எழுந்திருக்கவே வேண்டாம், ஆனால் குரலே கேட்காத அளவுக்குக் கிசுகிசுப்பாகப் பேசுவது. 2002ல் எஃப்.சி.சி. அனுமதித்த அல்ட்ரா ஒய்டுபேண்டு இந்த வகை. பல கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவி, எந்த ஒரு இடத்திலும் மிக மிகக் குறைந்த சக்தியோடு பேசும்.

மூன்றாவது வழி கொஞ்சம் வினோதம். முதன்மைப் பயனர் என்ன பேசுகிறார் என்று தெரிந்துகொண்டு, தன் சக்தியில் ஒரு பங்கைச் செலவழித்து அவர் பேச்சையே எடுத்துக்கொடுத்து, மிச்சத்தில் தன் பேச்சைப் பேசுவது. இடம் கொடுத்தவருக்கு மூட்டை தூக்கிக் கொடுத்து வாடகையைக் கழிப்பது மாதிரி. பெரும்பாலும் இது ஆய்வுக் கட்டுரைகளில்தான் வாழ்கிறது.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் வந்த கேள்வி

காலியா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் விஷயம் சூடுபிடிக்கிறது.

எளிய வழி, அந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று அளப்பது. ஒரு எல்லைக்கோட்டுக்கு மேலே போனால் 'ஆள் இருக்கிறார்', கீழே இருந்தால் 'காலி'. இன்னும் நுணுக்கமான வழிகள் உண்டு. தேடும் சிக்னலின் அச்சு முன்கூட்டியே தெரிந்தால் அதோடு பொருத்திப் பார்க்கலாம். மனிதன் செய்த சிக்னலில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தாளம் இருக்கும், வெறும் இரைச்சலில் அது இருக்காது என்பதை வைத்தும் கண்டுபிடிக்கலாம்.

எந்த வழியானாலும் இரண்டு விதத் தவறு நடக்கும். காலியாக இருப்பதை 'ஆள் இருக்கிறார்' என்று நினைப்பது ஒன்று. ஆள் இருக்கும்போது 'காலி' என்று நினைத்து மடியில் போய் உட்காருவது இன்னொன்று. பி.காம். மாணவர்கள் ஹைபாதிசிஸ் டெஸ்டிங் பாடத்தில் பயந்து பயந்து படித்த டைப் 1, டைப் 2 பிழைகள் இவையேதான். எல்லைக்கோட்டை இறக்கினால் முதல் பிழை கூடும், ஏற்றினால் இரண்டாவது பிழை கூடும். இரண்டையும் ஒன்றாகக் குறைக்க வேண்டுமானால் அதிக நேரம் கேட்க வேண்டும். கேட்கும் நேரத்தில் பேச முடியாது.

இதில் முக்கியமான விஷயம், இரண்டு பிழைக்கும் விலை கொடுப்பவர் ஒருவர் அல்ல. முதல் பிழையில் நஷ்டம் புதிதாக வந்தவருக்கு. இரண்டாவது பிழையில் நஷ்டம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவருக்கு. ஆகவே கோட்டை எங்கே போடுவது என்பது பொறியியல் கேள்வி மாதிரித் தெரிந்தாலும், உள்ளே இருப்பது 'யார் நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது' என்ற பழைய கேள்வி. கோஸ் 1959ல் கேட்டதும் கிட்டத்தட்ட அதுவே.

போதாக்குறைக்கு மறைந்த பயனர் என்று ஒரு சிக்கல். ஒரு டிவி டவர், நடுவில் ஒரு கட்டடம், கட்டடத்துக்குப் பின்னால் புதிய கருவி. கருவிக்கு டவர் கேட்கவில்லை. காலி என்று நினைத்துப் பேச ஆரம்பிக்கிறது. கட்டடத்துக்கு இந்தப் பக்கம் டவரைப் பார்த்து ஆண்டெனா வைத்திருந்தவர் வீட்டில் நாடகம் புள்ளிபுள்ளியாகிறது. பல கருவிகள் சேர்ந்து கேட்டு, ஒன்றுக்கொன்று தகவல் பகிர்ந்து முடிவெடுத்தால் இது குறையும். ஆனால் அப்படிப் பகிர்ந்துகொள்ளவும் ஒரு அலைவரிசை வேண்டுமே!

டிவி சேனல்களுக்கு நடுவே

இந்த யோசனையை முதலில் பெரிதாகச் சோதித்துப் பார்த்த இடம் அமெரிக்காவின் டிவி அலைவரிசைகள். ஒரு ஊரில் ஓடும் சேனல் எண் பக்கத்து ஊரில் சும்மா இருக்கும். குறுக்கீடு வரக்கூடாதென்று வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. இதற்கு ஒயிட் ஸ்பேஸ் என்று பெயர் வைத்தார்கள்.

கூகுள், மைக்ரோசாஃப்ட் ஒரு பக்கம். டிவி நிலையங்கள் மறுபக்கம். நடுவில் எதிர்பாராத ஒரு கூட்டம்: நாடகக் கம்பெனிகள், பாடகர்கள், தேவாலயங்கள். இவர்கள் பயன்படுத்திய வயர்லெஸ் மைக்குகளும் அதே காலி சேனல்களில்தான் ஓடின, அதுவும் பல மைக்குகள் லைசென்ஸே இல்லாமல்! 2008ல் நாட்டுப்புறப் பாடகி டாலி பார்ட்டன் எஃப்.சி.சி.க்குக் கடிதமே எழுதினார். சிரிக்கத் தோன்றினாலும் அவர்கள் பயம் நியாயமானது. மேடையில் பாட்டு நடுவில் மைக் செத்தால் ரசிகர்களிடம் டைப் 2 பிழை என்று விளக்க முடியாது.

2007ல் எஃப்.சி.சி. செய்த முதல் சோதனையில், கொடுத்த மாதிரிக் கருவிகள் டிவி சிக்னலையும் மைக்கையும் நம்பகமாகக் கண்டுபிடிக்கவில்லை. அப்புறம் மேலும் சோதனைகள். கடைசியில் 2008 நவம்பர் 4, ஒபாமா தேர்தலில் ஜெயித்த அதே நாளில், அனுமதி வந்தது. நிபந்தனை கடுமை. கருவி -114 டிபிஎம் வரை கேட்க வேண்டும். அதாவது ஒரு வாட்டை 250 லட்சம் கோடிப் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கு. அமெரிக்க டிவி சேனலின் 6 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இயற்கையாக இருக்கும் வெப்ப இரைச்சலைவிடவும் இது கீழே. கல்யாண மண்டபச் சத்தத்தில், கடைசி வரிசையில் யாரோ கிசுகிசுப்பதைக் கேட்கச் சொல்வது போல. விலை மலிவான கருவிக்கு இது நடக்கிற காரியமா?

2010 செப்டம்பரில் எஃப்.சி.சி. வழியை மாற்றியது. காதை நம்பவேண்டாம், கணக்குப் புத்தகத்தை நம்பு. கருவி தன் இருப்பிடத்தைத் தெரிந்துகொண்டு இணையம் வழியே ஒரு தரவுத்தளத்தைக் கேட்க வேண்டும்: "இந்த இடத்தில் எந்தச் சேனல் காலி?" பதில் வந்தபின்தான் பேச வேண்டும். மைக்குகளுக்கென்று தனியாக இரண்டு சேனல்களும் ஒதுக்கப்பட்டன. கண்டக்டரிடம் கேட்டுவிட்டு உட்காருவது. ரேடியோவின் புத்திசாலித்தனம் ரேடியோவை விட்டு வெளியேறி எங்கோ ஒரு சர்வருக்குப் போய்விட்டது.

2011ல் இதற்கென்றே ஐ-டிரிபிள்-ஈ 802.22 என்ற தரமும் வெளிவந்தது. 2013ல் கென்யாவின் நான்யுகி அருகே 'மவிங்கு' திட்டத்தில் சூரிய மின்சாரத்தோடு ஒயிட் ஸ்பேஸ் இணைய இணைப்பு வந்தது. இந்தியாவில் ஐ.ஐ.டி. பம்பாய் ஆய்வாளர்கள் 2014ல் கணக்கெடுத்து, 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 15 சேனல்களில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் குறைந்தது 12 காலி என்று காட்டினார்கள். டவர் வழியே ஒளிபரப்புவது தூர்தர்ஷன் மட்டும்தானே. மகாராஷ்டிரத்தின் பால்கர் பகுதிக் கிராமங்களில் சோதனையும் நடந்தது.

இத்தனை இருந்தும் ஒயிட் ஸ்பேஸ் கருவி வீட்டுக்கு வீடு வரவில்லை. ஏன்? காரணம் சந்தையில் இருக்கிறது. கருவி விலை குறைய லட்சக்கணக்கில் விற்க வேண்டும். லட்சக்கணக்கில் தயாரிக்க முதலாளிக்கு நம்பிக்கை வேண்டும். ஆனால் 2017ல் முடிந்த ஏலத்தில் அமெரிக்க அரசு டிவிக்காரர்களிடமிருந்து 84 மெகாஹெர்ட்ஸை வாங்கி, அதில் 70 மெகாஹெர்ட்ஸை சுமார் 1,980 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. ஊர்ப்புறத்தில் இருந்த காலி இடம் சுருங்கியது. நாளைக்கு சீட்டையே கழற்றி விற்றுவிடுவார்கள் என்றால், யார் பாஸ் வாங்குவார்?

போர்க்கப்பலோடு பங்கு

அடுத்த முயற்சியில் இந்தப் பாடம் படித்திருந்தார்கள். 2012ல் அமெரிக்க ஜனாதிபதியின் அறிவியல் ஆலோசனைக் குழு, அரசாங்கம் தன் கையில் வைத்திருப்பதில் 1,000 மெகாஹெர்ட்ஸைப் பகிர்ந்துகொள்ளும்படி பரிந்துரைத்தது. அதிலிருந்து வந்ததுதான் சி.பி.ஆர்.எஸ். 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை, மொத்தம் 150. விதிகள் 2015ல், வணிகச் சேவை முழுமையாக 2020 ஜனவரியில்.

இங்கே முதன்மைப் பயனர் சாமானியர் அல்ல, அமெரிக்கக் கடற்படையின் ரேடார். அதனால் மூன்று அடுக்கு வைத்தார்கள். மேல் அடுக்கில் கடற்படையும் சில செயற்கைக்கோள் நிலையங்களும். நடு அடுக்கில் ஏலத்தில் வாங்கியவர்கள்: கவுண்டிக்கு 10 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏழு உரிமங்கள், 10 வருடத்துக்கு, ஒருவருக்கு அதிகபட்சம் நான்கு. கீழ் அடுக்கில் ஏலமே இல்லாமல் யார் வேண்டுமானாலும்.

கடற்கரையோரம் உணரிகள் ரேடாரைக் கேட்டுக்கொண்டிருக்கும். கப்பல் வந்தால் மத்தியக் கணினி அமைப்புக்குச் செய்தி போகும். 300 நொடிக்குள் அந்தப் பகுதிக் கருவிகள் வேறு அலைவரிசைக்கு நகர வேண்டும், இல்லை வாயை மூட வேண்டும். கப்பல் எங்கே இருக்கிறது என்ற ரகசியம் இதன் வழியே கசியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். காதும் கணக்குப் புத்தகமும் இங்கே ஒன்றாக வேலை செய்கின்றன.

துண்டுப் பிரச்சினைக்கும் இங்கே மருந்து உண்டு. நடு அடுக்கில் வாங்கியவர் ஒரு பகுதியில் பயன்படுத்தாவிட்டால், கீழ் அடுக்குக்காரர் அங்கே உட்காரலாம். சொந்தக்காரர் வந்தால் எழுந்துவிட வேண்டும். துண்டு இருக்கலாம், ஆனால் துண்டு மட்டும் பயணம் செய்ய முடியாது.

யார் வந்தார்கள்? 2020 ஏலத்தில் 228 பேர் ஜெயித்தார்கள். வெரிசான் போன்ற பெரியவர்கள் மட்டுமல்ல. டிராக்டர் செய்யும் ஜான் டீர் நிறுவனம் தன் தொழிற்சாலைகள் இருக்கும் கவுண்டிகளில் வாங்கியது. சில பல்கலைக்கழகங்களும் வாங்கின. 2023 தொடக்கத்தில் வேலை செய்த கருவிகள் 1.28 லட்சத்துக்கு மேல் என்று அமெரிக்க அரசின் ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஊர்ப்புறங்களில். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கீழ் அடுக்கை மட்டுமே நம்பி ஓடியவை. பெரிய கம்பெனி வராத ஊரில் சின்ன இணையக் கடைக்காரர் டவர் போட்டிருக்கிறார் என்று இதற்கு அர்த்தம்.

லெட்ஜரில் வராத வரவு

இப்போது மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சி.பி.ஆர்.எஸ். ஏலத்தில் 70 மெகாஹெர்ட்ஸுக்கு வந்தது 458 கோடி டாலர். அதற்கு ஒட்டிய மேல் பகுதியில் 280 மெகாஹெர்ட்ஸ், பகிர்வு இல்லாத தனி உரிமையாக 2021ல் ஏலம் முடிந்தபோது வந்தது சுமார் 8,100 கோடி டாலர். மெகாஹெர்ட்ஸுக்கு வகுத்தால் முன்னது சுமார் 6.5 கோடி, பின்னது சுமார் 29 கோடி. நாலு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

முழு வித்தியாசமும் பகிர்வால் வந்ததல்ல. தனி உரிமைப் பகுதியில் அதிக சக்தியோடு ஒலிபரப்பலாம், உரிமமும் 15 வருடம். ஆனாலும் ஒரு நிதியமைச்சர் இந்த இரண்டு எண்ணையும் பார்த்தால் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. ஏலப் பணம் ஒரே நாளில் கஜானாவுக்கு வரும், தலைப்புச் செய்தியாகும். பகிர்வின் வரவு ஆயிரம் சின்னக் கணக்குகளில் சிதறிக் கிடக்கும். ஒரு கிராமத்துப் பள்ளிக்கு வந்த இணைப்பு, ஒரு தொழிற்சாலையில் மிச்சமான கேபிள். கூட்டிப் பார்க்க ஆள் இல்லை.

2025 ஜூலையில் நிறைவேறிய அமெரிக்கச் சட்டம், 2023 மார்ச்சில் காலாவதியாகியிருந்த எஃப்.சி.சி.யின் ஏல அதிகாரத்தை மீட்டுக் கொடுத்து, 800 மெகாஹெர்ட்ஸைக் கண்டுபிடித்து ஏலம் விடச் சொல்லியிருக்கிறது. பகிர்ந்து வாழ்பவர்களுக்கு இது வயிற்றில் புளியைக் கரைக்கும் செய்தி.

பகிர்வுக்கு ஆதரவாகப் பேசுபவர்களும் ஒன்றை மறைக்கக்கூடாது. சொன்ன சொல் கேட்காத கருவிகள் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் வைஃபை ரவுட்டர், ரேடார் இருக்கக்கூடிய சேனல்களில் பேசும் முன் 60 நொடி கேட்க வேண்டும், ரேடார் கேட்டால் 10 நொடிக்குள் விலக வேண்டும், 30 நிமிடம் திரும்பக்கூடாது என்று விதி. வீட்டு அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கும் பெட்டிக்குள்ளேயே ஒரு குட்டி காக்னிட்டிவ் ரேடியோ! ஆனால் 2009ல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய வானிலை ரேடாரில் குறுக்கீடு வந்தது. அங்கே வெளிப்புறத்தில் மாட்டியிருந்த சில கருவிகள் ஒழுங்காக விலகவில்லை. விமானம் இறங்கும் இடத்துக்குக் காற்று எச்சரிக்கை கொடுக்கும் ரேடார் அது. மகளிர் சீட்டில் தூங்குவது போல நடிக்கும் ஆசாமிகள் எல்லாத் துறையிலும் உண்டு. அவர்களை எழுப்ப கண்டக்டர் வேண்டும், அபராதம் வேண்டும்.

கண்டக்டர் யார் என்பதும் சின்னக் கேள்வி அல்ல. சி.பி.ஆர்.எஸ்.ஸில் மத்தியக் கணினி அமைப்பை நடத்துவது கூகுள் போன்ற தனியார் நிறுவனங்கள், எஃப்.சி.சி. ஒப்புதலோடு. எந்தக் கருவி எந்த ஊரில் எந்த நேரம் பேசலாம் என்று சொல்லும் இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்குப் பதில் பலர் இருப்பது ஆறுதல். மேலே ஒரு தணிக்கையாளர் உட்கார்ந்திருந்தால் இன்னும் ஆறுதல்.

ஆக, கருவி காலி இடத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. மிட்டோலா கேட்டதில் பெரும்பகுதி நடந்தும்விட்டது. மிச்சம் இருப்பது மனிதர்கள் செய்யவேண்டியது: உரிமம் எழுதும்போதே 'பயன்படுத்து, இல்லையென்றால் பகிர்' என்று ஒரு வரி சேர்ப்பது. ஏலத்தில் எவ்வளவு வந்தது என்று அறிவிக்கும் அதே நாளில், போன ஏலத்தில் விற்றது எத்தனை மாவட்டத்தில் இன்னும் சும்மா கிடக்கிறது என்றும் அறிவிப்பது. இரண்டாவது எண் கஜானாவுக்கு ஒரு பைசா சேர்க்காது. ஆனால் டவர் வராத ஊரில் போனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுபவருக்கு, தன் தலைக்கு மேலே போவது வெறும் காற்று அல்ல, யாரோ வாங்கிப் போட்டு வைத்த அலைவரிசை என்றாவது தெரியும். தெரிந்தால் கேட்பார்.